மேலுக்கு முடியாமல் போட்ட லீவு

போன வாரம் ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். பதறாதீர்கள்... இந்த வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கேள்வி கேட்கிற பக்கத்தில் உட்காரத்தான் போனேன்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த அடைக்கப்பன் மீமிசலில் இறால் கம்பெனி வைத்திருக்கிறான். கடலிலிருந்து வருகிற இறாலை உரித்து, சுத்தம் செய்து, ஐஸில் அடைத்து வெளியூருக்கு அனுப்புகிற வேலை. உரிக்கிற ஷெட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அவர்களுக்கு ஒரு சூப்பர்வைசர் தேவைப்பட்டது. வேலை கேட்டு வருகிற பெண்கள் ஆண்களைப் பார்த்ததும் வாயைத் திறப்பதில்லை, நீ பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று போன் செய்தான். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் புதுக்கோட்டையில் பஸ் ஏறி, அறந்தாங்கி வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஹரீஷ் இருந்தார். கம்பெனியின் புது ஹெச்.ஆர். மேனேஜர். சென்னையில் பிறந்து வளர்ந்தவர். மரியாதையான மனிதர்தான், ஆனால் வேலையில் படு கறார். அதிலும் வேலையில் ‘கேப்’ விட்டவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. நடுவில் சில மாதம் எங்கேயும் வேலை பார்க்காமல் இருந்திருக்கிறீர்களே, ஏன்? — இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் முகம் போலீஸ்காரர் முகமாகவே மாறிவிடும்.

வருகிறவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? இப்போதுதான் எல்லாவற்றுக்கும் யூடியூபில் கோச்சிங் இருக்கிறதே! உடம்புக்கு வந்து லீவு போட்டதைச் சொல்லாதே, சொன்னாலும் பாசிட்டிவாகச் சொல், முகத்தில் சிரிப்பு இருக்கட்டும்... முதலில் வந்த பெண் தன்னுடைய ஐந்து மாத கேப்பைத் ‘தன்னை அப்கிரேட் செய்துகொண்ட காலம்’ என்றாள். என்னம்மா அப்கிரேட் செய்தாய் என்று நான் கேட்டேன். பாவம், அந்தக் கேள்விக்கு வீடியோவில் பதில் இல்லை போலிருக்கிறது. அழுதுவிடுவாளோ என்று பயந்து நானே பேச்சை மாற்றினேன்.

இரண்டாவதாக வந்தவர் செல்வராணி.

முப்பத்தைந்து வயது இருக்கும். பொன்னமராவதிப் பக்கம் ஒரு கிராமம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவர். இப்போது பத்தாவது படிக்கிற மகளோடு மீமிசலில் அக்கா வீட்டில் இருக்கிறார். அக்கா நல்லவர்தான், மாமாவும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் எத்தனை மாதம் மேடம் அங்கேயே சாப்பிடுவது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இந்த வேலை அவருக்கு எவ்வளவு தேவை என்று அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். அப்புறம் ஹரீஷ் போலீஸ்காரரானார். திருப்பூர் வேலையை விடுவதற்கு முன்னால் நீளமாக லீவு போட்டிருக்கிறீர்களே, ஏன்?

“மேலுக்கு முடியலைன்னு லீவு போட்டேன் சார்.”

ஹரீஷின் புருவம் உயர்ந்தது. இதையா இவ்வளவு ஓப்பனாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். உள்ளதைத்தானே சார் சொல்ல வேண்டும் என்றார் செல்வராணி.

“கம்பெனில யாரும் கண்டுபிடிக்கலையா?”

“அவங்க எங்க சார் கண்டுபிடிச்சாங்க? ஆஸ்பத்திரியிலதான் கண்டுபிடிச்சாங்க.”

ஹரீஷ் பேனாவை எடுத்து செல்வராணியின் பெயரை அடிக்கப் போனார். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கையை நீட்டிப் பேனாவைத் தடுத்துவிட்டேன். சிரிப்பு வேறு அடக்க முடியவில்லை. இன்டர்வியூ நடக்கிற அறையில் இப்படியா சிரிப்பது என்று அடைக்கப்பன் முறைத்தான்.

உங்களில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்கு ‘மேல்’ என்றால் உடம்பு. மேல் வலிக்கும், குளிக்கும்போது மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வோம், மேலுக்குச் சொகமில்லை என்று படுப்போம். ஹரீஷின் ஊரில் ‘மேலுக்கு’ என்றால் ஒப்புக்கு, பேருக்கு, பாசாங்குக்கு. உடம்பு முடியாமல் லீவு போட்டேன் என்று இவர் சொல்ல, முடியவில்லை என்று சும்மா நடித்து லீவு போட்டேன் என்று அவர் கேட்டிருக்கிறார்! அதையும் இந்த அம்மாள் கூசாமல் சொல்கிறாளே என்று ஆடிப்போயிருக்கிறார் மனிதர்.

நான் விளக்கியதும் ஹரீஷ் காது வரை சிவந்துபோய் இரண்டு முறை ஸாரி கேட்டார். செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆனால் ஹரீஷை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது? லீவு லெட்டரில் ‘உடம்பு சரியில்லை’ என்று இருந்தால் எந்த மேனேஜர் அதை அப்படியே நம்புகிறார்? எல்லாரும் அதை ‘மேலுக்கு’ என்றுதான் படிக்கிறார்கள். காய்ச்சல் நூற்றிரண்டு இருக்கிறவன்கூட போனில் லீவு கேட்கும்போது குரலை இன்னும் கொஞ்சம் நடுங்க வைத்துக்கொள்கிறான். நிஜமாகவே முடியாதவன் முடியாதவனைப் போல நடிக்க வேண்டியிருக்கிறது... இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்ன வியாதி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நான் ஹரீஷைக் கண்ணால் எச்சரித்தும் வைத்திருந்தேன். செல்வராணியே சொன்னார். டிபி.

ஹரீஷின் நாற்காலி கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. செல்வராணி அதைப் பார்த்தார். மருந்து முழுசாகச் சாப்பிட்டு முடித்தாகிவிட்டது, இப்போது யாருக்கும் ஒட்டாது, டாக்டர் சர்டிஃபிகேட் கையில் இருக்கிறது என்று எங்களுக்கே தைரியம் சொன்னார். இதற்கு முன்னால் இரண்டு இடங்களுக்கு இன்டர்வியூ போனாராம். இரண்டிலும் இதே இடத்தில்தான் பேச்சு நின்றதாம். சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம், அனுப்பவில்லையாம்.

ஏனம்மா, மூன்றாவது இடத்திலாவது வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா? குடும்பச் சூழ்நிலை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்ததே! அந்த யூடியூப் கோச்சிங்கையெல்லாம் கேலி செய்த நானேதான் இப்படி நினைத்தேன்.

அவர் பேச்சை நிறுத்தவில்லை.

“லீவு போட்டதுக்கு நான் வருத்தப்படல சார். போடாம இருந்தேன் பாத்தீங்களா, அதுக்குத்தான் வருத்தப்படுறேன். இருமல் வந்து ரெண்டு மாசமா யாருகிட்டயும் சொல்லல. லீவு கேட்டா லைனை வேற ஆளுகிட்ட கொடுத்துருவாங்களோன்னு பயம். பஞ்சுத் தூசி இருமல்னு சொல்லிச் சமாளிச்சேன். கம்பெனி ஹாஸ்டல்ல எனக்குப் பக்கத்துல படுத்திருந்த பிள்ளைக்கும் ஒட்டிக்கிருச்சு.”

அந்தப் பெண்ணும் மருந்து சாப்பிட்டுத் தேறிவிட்டாளாம், இன்றைக்கும் போனில் அக்கா அக்கா என்றுதான் பேசுகிறாளாம். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் செல்வராணி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த அடைக்கப்பன் கேட்டான், இங்கேயும் உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று.

இந்தக் கேள்விக்கு எந்தக் கோச்சிங்காரனும் ஒரே பதில்தான் சொல்லிக்கொடுப்பான். இனிமேல் வராது சார், நான் இப்போது ரொம்ப ஃபிட் சார், லீவே போட மாட்டேன் சார்...

“லீவு போடுவேன் சார்” என்றார் செல்வராணி. “அன்னைக்கே சொல்லிட்டுப் போடுவேன். எனக்குக் கீழ வேலை பாக்குறவங்க முடியலைன்னு வந்து நின்னாலும் வீட்டுக்கு அனுப்பிருவேன். அதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க, வாரேன்.”

வேலை கேட்டு வந்தவர் முதலாளிக்கு நிபந்தனை போடுகிறார்! எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அவரை வெளியே இருக்கச் சொன்னோம். அடைக்கப்பன் ஜன்னல் வழியாக ஷெட்டைக் காட்டி ஒரு விஷயம் சொன்னான். போன மாதம் அங்கே ஒரு பெண் காய்ச்சலோடு உட்கார்ந்து இறால் உரித்து, மத்தியானம் அப்படியே மயங்கிச் சரிந்திருக்கிறாள். காலையிலிருந்தே முடியவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்கு மட்டும் தெரியாது. யார் சொல்வார்கள்? சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ! ஊரெல்லாம் சாப்பிடப் போகிற பொருளில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அடைக்கப்பனுக்குத் தெரியும்.

நான் ஹரீஷோடு சண்டை போடத் தயாராக இருந்தேன். வாதங்களைக்கூட அடுக்கி வைத்துவிட்டேன். அவரோ மெதுவாகக் கேட்டார், அந்த இரண்டு இடத்திலும் இவர் பொய் சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும் இல்லையா மேடம் என்று. நிச்சயமாகக் கிடைத்திருக்கும் என்றேன்.

“அப்ப இவங்களையே எடுத்துக்கலாம் சார்” என்றார் அடைக்கப்பனிடம்.

இரண்டு முறை உண்மையைச் சொல்லி வேலையை இழந்தவர் மூன்றாவது முறையும் அதையே சொல்கிறார் என்றால், அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? ஹரீஷுக்கு இது தோன்றியதே, அதற்காகவே அவருடைய போலீஸ்கார முகத்தை மன்னித்துவிட்டேன்.

செல்வராணியை உள்ளே கூப்பிட்டு அடைக்கப்பன் விஷயத்தைச் சொன்னான். திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்துவிடச் சொன்னான். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். வாசல் வரைக்கும் போனவர், நின்று, திரும்பி வந்தார்.

“திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரியில செக்கப் வரச்சொல்லியிருக்காங்க சார். செவ்வாக்கிழமை வரட்டுங்களா?”

கையில் வேலை வந்து முழுசாக ஒரு நிமிடம் ஆகவில்லை. செக்கப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? முதல் நாளே லீவா என்று அடைக்கப்பன் மனசு மாறிவிட்டால் மறுபடியும் அக்கா வீடுதானே?

அடைக்கப்பன் ஹரீஷ் பக்கம் திரும்பினான்.

“திங்கக்கிழமையே சேந்ததாப் போட்டுக்கங்க தம்பி. மொத நாள் சிக் லீவு. சம்பளம் உண்டு.”