நாலு மடிப்புச் சீட்டு

போன மாதம் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், நான் எடுத்து வைத்திருந்த ஏர் ரைபிளை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தார். உடனே சிரித்துவிட்டார்.

"சார், இந்த ஸ்கோப்ப மாட்டினவருக்குச் சுத்தமா விஷயம் தெரியாது போல. இவ்வளவு உயரத்துலயா வைப்பாங்க?"

அதை மாட்டியவர் என் அத்தான். கிளப்பில் இருபது வருடம் எல்லாருடைய ரைபிளிலும் குறிபார்க்கும் ஸ்கோப்பை மாட்டிக்கொடுத்தவர். அதைப் புதியவருக்குச் சொல்வதென்றால் அக்காவின் கழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வாரம் முழுக்க அடுத்தவர் மூக்கும் காதும்தான் அவர் பிழைப்பு. ஞாயிறு காலையில் அவரும் அக்காவும் ஸ்கூட்டரில் மரவாடிக்குப் பின்னால் இருக்கும் பழைய கிடங்கில் நடக்கும் கிளப்புக்கு வருவார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே ரைபிள். கிடங்குக்குள் பத்து, இருபத்தைந்து, முப்பத்தைந்து மீட்டரில் சிறிய இரும்புத் தகடுகள் நிற்கும். குண்டு பட்டால் டங்கென்று சாயும். பக்கத்து வாடியின் மரத்தூள் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். இன்றும் எங்காவது பலகை அறுத்தால் எனக்கு அந்த ஞாயிறுகள் நினைவுக்கு வருகின்றன.

அக்கா நன்றாகச் சுடுவாள். அத்தான் சுமார். ஆனால் ஸ்கோப் விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். சட்டைப் பையிலிருந்து கடைச் சீட்டு ஒன்றை எடுத்து நாலாக மடித்து, ஸ்கோப்பின் முன்பக்கத்துக்கும் ரைபிள் குழலுக்கும் நடுவே விடுவார். உரசியும் உரசாமலும் நுழைந்தால் சரியான உயரம். தளர்வாக இருந்தால் ஸ்கோப்பைத் தாங்கும் வளையத்தை மாற்றச் சொல்வார்.

"எவ்வளவு தாழ இருக்கோ அவ்வளவு நல்லது. கன்னத்த ரைபிள் கட்டையில அழுத்துங்க, மிச்சம் தானா வரும்."

உயரமான வளையங்களை ஏணி என்பார். "ஏணி போட்டு எதப் பறிக்கப் போறீங்க?" கிளப்பில் அவருக்கு நாலு மடிப்பு என்றே பெயர்.

அவருடைய விதியைத் தவறென்று சொல்லமாட்டேன். பெரும்பாலான முகங்களுக்கு அது பொருந்தும். அந்தப் 'பெரும்பாலான' என்ற சொல்லை மட்டும் அவர் எங்கேயோ தொலைத்திருந்தார்.

அக்காவுக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு எலும்புகளைத் தகடு வைத்து இணைத்தார்கள். வலி போயிற்று. கூடவே தலை குனிவதும் போயிற்று. ஆறு மாதம் கழித்து, குனியாமல் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றார் டாக்டர். அடுத்த ஞாயிறே அக்கா கிளப்பில் நின்றாள். ரைபிளைத் தோளில் வைத்தாள். கன்னம் கட்டைக்கு இறங்கவில்லை. ஸ்கோப்புக்குள் தகடு தெரியவில்லை, கருவட்டம்தான் தெரிந்தது.

"கன்னம்," என்றார் அத்தான்.

"வரலீங்க."

"முயற்சி பண்ணு. கொஞ்சம் இறக்கு."

"இறங்கினா இறக்க மாட்டேனா? உள்ள தகடு வச்சிருக்கு, ஞாபகம் இருக்கா?"

நாலு ஞாயிறு இதே பேச்சு. தோளைத் தூக்கு, இடுப்பைச் சாய் என்று அவரும் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார். ஐந்தாவது ஞாயிறு அக்கா ரைபிளை உறையில் போட்டு அவரிடம் கொடுத்தாள். "நீங்க போய்ட்டு வாங்க. எனக்குத் துணி மடிக்கணும்." துணி மடிப்பதென்றால் அவளுக்கு வேம்பாகக் கசக்கும். ஸ்கூட்டரின் பின் இருக்கையில் அவள் உட்காரும் இடத்தில் அன்று ரைபிள் கட்டியிருந்தது. இனி அவள் சுடவே போவதில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் அக்காவும் நானும் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு தையல்காரர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு ஒரு காது மேலே, ஒரு காது கீழே.

"எப்படிப் போட்டாலும் சரிஞ்சே நிக்குதுங்க. நான்தான் சரியா மாட்டலையோ என்னவோ."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். காது எங்க இருக்கோ அங்கதான் கம்பி வரணும்," என்று அத்தான் கம்பியைச் சூடுகாட்டி வளைக்க ஆரம்பித்தார்.

அக்கா பெஞ்சிலிருந்தே சொன்னாள். "ஏங்க, அவரக் காதக் கொஞ்சம் இறக்கச் சொல்லிப் பாருங்களேன். முயற்சி பண்ணினா வரும்."

தையல்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா?"

"உங்களச் சொல்லலண்ணே. இங்க ஒருத்தர் கடைக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் வச்சிருக்கார்."

அத்தான் கம்பியை அளவுக்கு மீறி வளைத்துவிட்டு மறுபடி நிமிர்த்தினார்.

மறுநாள் மத்தியானம் என்னை வரச்சொன்னார். சாப்பாட்டு மேசையருகே அக்கா நாற்காலியில் இருந்தாள். நான் ரைபிளின் முன்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தேன்.

"கண்ண மூடிக்க. தலைய எப்படி வச்சா சுகமோ அப்படி வை. குனியாத. ம், இப்பத் திற."

கண்மணிகளின் இடைவெளியை அளக்கும் கடை ஸ்கேலால் குழலின் நடுவிலிருந்து அவள் கண்மணி வரை அளந்தார். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். அறுபத்திரண்டு மில்லிமீட்டர். பழைய உயரம் நாற்பது.

"ஏணிதான் போல, அத்தான்," என்றேன்.

"ஏணிதான் மச்சான். மாடியில இருக்கறவள வேற எப்படி எட்டிப் பாக்கறது?"

அக்கா சிரிக்கவில்லை. "அப்ப நீங்க எப்படிச் சுடுவீங்க? மாத்தி மாத்தி மாட்டிக்கலாமா?"

"ஒவ்வொரு தடவை கழட்டினாலும் குறி மாறிடும். நான் எப்ப உருப்படியா சுட்டேன், விடு."

உயரமான வளையம் வந்தது. அவ்வளவு உயரத்தில் கன்னம் அந்தரத்தில் நிற்குமே என்று, கட்டையின் மேல் கார்க் துண்டுகளை அடுக்கி, கண்ணாடி துடைக்கும் துணியை இழுத்து ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்ததும் கிளப் செயலாளர் கூவினார்.

"யோவ் நாலு மடிப்பு! ஸ்கோப்புக்குக் கீழ பூனை படுத்துக்கும் போலிருக்கே!"

"படுத்துக்கட்டும், யாரு வேணாம்னா?" என்றார் அத்தான். கை மட்டும் பழக்கதோஷத்தில் சீட்டை மடித்து உள்ளே விட்டது. அது எங்கும் தொடாமல் தரையில் விழுந்தது.

அக்கா இருபத்தைந்து மீட்டரைக் குறிவைத்தாள். டங். இன்னொன்று, டங். பிறகு பத்து மீட்டர். தகடு அசையவில்லை. மறுபடியும் அசையவில்லை.

"கிட்டத்துல நிக்கறதப் போய் விட்டுட்டீங்களே!" என்று யாரோ சிரித்தார்கள். அக்காவின் முகம் சுருங்கியது. அத்தான் போய்த் தகட்டுக்குப் பின்னாலிருந்த பலகையில் குண்டு பட்ட இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"உன் தப்பு இல்ல. ஸ்கோப் உயர்ந்தா கிட்டத்துல குண்டு தாழத்தான் போகும். ஒரு விரற்கடை மேல பிடி."

டங்.

அவர் குனிந்து அந்தச் சீட்டை எடுத்துப் பிரித்தார். பின்பக்கத்தில் பத்து, இருபத்தைந்து, முப்பத்தைந்து என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மேலே பிடிக்க வேண்டும் என்று குறித்து, கட்டையின் பக்கத்தில் ஒட்டினார். "அடுத்தது உங்க முறை," என்றார் செயலாளர். "நான் மார்க் எழுதறேன்," என்று அத்தான் அட்டையை வாங்கிக்கொண்டார். அதன்பிறகு பதினோரு வருடம், கண்மூடும்வரை, அவர் மார்க் எழுதினார். அவர் சுடுவதை விட்டுவிட்டார் என்பதையே நான் வெகுகாலம் கழித்துத்தான் கவனித்தேன்.

புதியவர் இன்னும் ரைபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தாழ்த்தி மாட்டித் தரட்டுமா, சார்?"

அதற்குள் அக்கா உள்ளே வந்துவிட்டாள். அவளுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. ரைபிளைத் தூக்கிவருவது மட்டும்தான் என் வேலை.

"அக்கா, இத மாட்டினவருக்கு விஷயம் தெரியாதாம்."

"தெரியாதுதான்," என்று அவள் ரைபிளை வாங்கினாள். "தெரிஞ்சுக்கறதுக்கு நாலு ஞாயிறும் ஒரு தையல்காரரும் வேண்டியிருந்துச்சு."

மங்கிப்போன சீட்டின் மேல் விரலை ஒருமுறை ஓட்டினாள். பிறகு தலை குனியாமல், பத்து மீட்டர் தகட்டுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்தாள்.