துறைமுக நகரத்துக்கு ஒரு விசா

அந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டில் எல்லா நல்ல காரியங்களுக்கும் ஒரே பதில்தான் இருந்தது: அப்பா வந்த பிறகு. சோபா மாற்றுவது, கூடத்துச் சுவருக்குக் காகிதம் ஒட்டுவது, திருச்செந்தூருக்கு வைத்த நேர்த்தி எல்லாம் அந்த வரிசையில் நின்றன. வரிசையில் முதலாவது, என் தங்கையின் சாமத்திய வீடு. அவள் பெரியவளாகி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அவளோடு லண்டன் டூட்டிங்கில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் சேலை கட்டி, இரவல் நகை போட்டு, வீடியோ வெளிச்சத்தில் கண் கூசி, அந்தக் கடமையை முடித்துவிட்டார்கள். அம்மா இரண்டு தடவை மண்டபம் பேசினார். இரண்டு தடவையும் தள்ளிப்போட்டார்.

அப்பா ஜெர்மனியில் இருந்தார். அவர் வரப்போவதில்லை என்பது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். அங்கே அவருக்கு வேறொரு வீடும் அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இருந்தன. அதை அவரே தொலைபேசியில் சொன்னார், ரயில் நேரத்தை அறிவிப்பவரின் குரலில். தங்கைக்கு மட்டும் தெரியாது. தெரியக்கூடாது என்பது அம்மாவின் தீர்மானம். அதை நடைமுறைப்படுத்துவது என் பொறுப்பு. "அக்கா, அப்பா எப்ப வருவார்?" என்று தங்கை கேட்கும்போது சொல்வதற்கு நான் பதில்களை முறையாக வைத்திருந்தேன்: விசாப் பேப்பர் வரவில்லை, லோயர் லீவில் போய்விட்டார், பேப்பர் வந்துவிட்டது, ஆனால் அது வேறு யாருடையதோ. ஒரு பதிலை அடுத்தடுத்து இரண்டு மாதம் பயன்படுத்துவதில்லை. நான் பொலிடெக்னிக்கில் இலத்திரனியல் படித்து, வீடியோ பிளேயர் திருத்தும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். எதையும் ஒழுங்காகச் செய்தால்தான் எனக்கு நித்திரை வரும்.

எங்கள் ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்தது ஒரு தேவாலய மண்டபத்தில். அதே மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் ஒரு மேற்கு ஆபிரிக்கப் பெண்கள் சங்கம் பயன்படுத்தியது. குசினியில் கருவாட்டு மணம் என்று நாங்கள் அவர்களைப் பற்றி முறையிட்டோம். கறித்தூள் மணம் என்று அவர்கள் எங்களைப் பற்றி முறையிட்டார்கள். கடைசியில், இரண்டு பகுதிக்கும் பணம் கொடுத்துவந்த உள்ளூர்க் கவுன்சில், இரண்டு பகுதியும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தினால்தான் அடுத்த வருடமும் உதவிப் பணம் என்று சொல்லிவிட்டது. எங்கள் பெற்றோர் சங்கத் தலைவர் அந்தக் கூட்டத்தில் இருந்து வெற்றியோடு திரும்பினார்.

"எல்லாம் கதைச்சாச்சு. அவை படம் போடுவினம், நாங்கள் ரோல்ஸ் போடுவம்."

படம் அவர்கள் நாட்டுப் படம், அவர்கள் மொழியில். கீழே ஆங்கில எழுத்து ஓடும். எங்கள் தாய்மாரில் பலருக்கு அந்த வேகத்தில் ஆங்கிலம் வாசிக்க ஏலாது. ஆனால் எங்கள் ஆட்கள் மைக் இல்லாமல் பிறந்தநாள்கூடக் கொண்டாடுவதில்லை. ஆகவே ஒருவர் மைக்கில் தமிழ் சொல்வது என்று முடிவாகியது. பிளேயரையும் டெலிவிஷனையும் இணைக்க எப்படியும் நான்தான் போக வேண்டும். மைக்கும் என் கையில் வந்தது.

ஒப்புக்கொண்ட வேலையாயிற்றே என்று கசெட்டை முன்கூட்டியே வாங்கிக் கடையில் போட்டுப் பார்த்தேன். பிறகு தலைவரிடம் கதையைச் சொன்னேன். ஒரு சிறிய ஊர். ஒரு தகப்பன் விடியற்காலையில் வீட்டு ரேடியோவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சொல்லாமல் லொறி ஏறிப் போய்விடுகிறான். தாயும் மூன்று பிள்ளைகளும் மிச்சம். ரேடியோ இல்லாத வீட்டில் மூத்த பெண் தினமும் பின்னேரத்தில் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து, தகரக் கோப்பையை வாயில் வைத்துத் தானே செய்தி வாசிக்கிறாள். மழை வரும். காணாமற்போன ஆடு கிடைத்தது. தெற்கே ஒரு மனிதர் சுகமாக இருக்கிறார். சின்னவர்கள் திரைச்சீலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறார்கள்.

"தகப்பன் ஏன் போனவர்?" என்று தலைவர் கேட்டார்.

"வேற ஒரு மனுசியோட இருக்கிறார், அண்ணை. கடைசியில லொறிக்காரன் வந்து சொல்லுறான்."

அவர் ரோல்ஸுக்கு உள்ளே வைக்கவென்று தூக்கிக்கொண்டிருந்த உருளைக்கிழங்கு மூட்டையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, மண்டபத்தில வந்து இருக்கப்போற தாய்மாரில அரைவாசிப் பேர் தனிய இருக்கினம். உதைக் கேட்டிட்டு எப்பிடி ரோல்ஸ் சாப்பிடுவினம்?"

"அப்ப வேற படம் கேப்பமோ?"

"சீச்சீ, அவையின்ர மனம் நோகும். படம் இருக்கட்டும். தமிழில மட்டும் கொஞ்சம் நல்லாச் சொல்லும்."

"எவ்வளவு நல்லா?"

"வேலைக்குப் போனவர். பேப்பர் சரிவரேல்ல. வந்தவுடன வருவார். உமக்குச் சொல்லித் தரோணுமே?"

சொல்லித் தர வேண்டியதில்லைதான். அவர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று அன்று நான் யோசித்தேன். நல்ல மனிதர். யாருடைய வீட்டு விஷயமும் தனக்குத் தெரியாது என்பதுபோலவே நடந்துகொள்வார்.

அந்த ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. இடப்பக்கம் ஆபிரிக்கப் பெண்கள், தலையில் பெரிய துணிக்கட்டுகளோடு. வலப்பக்கம் எங்கள் தாய்மார், மடியில் கோட்டுகளோடு. பிள்ளைகள் எல்லோரும் கலந்து, டெலிவிஷனுக்கு முன்னால் தரையில். அங்கேதான் கவுன்சில் கேட்ட ஒற்றுமை இருந்தது. தங்கையும் அவர்களோடு இருந்தாள். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஷிப்ட் முடித்து, நேராக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

தொடக்கம் சுலபமாகத்தான் இருந்தது. தகப்பன் துறைமுக நகரத்துக்கு வேலைக்குப் போகிறார் என்றேன். தாய்மார் தலையாட்டினார்கள். நடுப்பகுதியில்தான் சிக்கல். அதே லொறி படத்தில் நாலைந்து தடவை போய்ப் போய் வந்தது.

"பிள்ளை, லொறி காலமை போய்ப் பின்னேரம் வருகுது. இந்த மனுசன் ஏன் வரேல்ல?" என்று ஒரு தாய் இருந்த இடத்திலேயே கேட்டார்.

"விசா கிடைக்கேல்ல" என்று மைக்கில் சொன்னேன்.

"உள்ளூருக்கோ?"

"அங்க சட்டம் அப்பிடி."

"எங்கட குரோய்டன் விசாக் கந்தோரை விட மோசமாக் கிடக்கு" என்றார் பக்கத்தில் இருந்தவர். மண்டபத்தின் வலப்பக்கம் முழுவதும் அந்த நாட்டு அரசாங்கத்தின் மேல் கோபம் கொண்டது.

நான் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. தரையில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். முதலில் ஒரு பிள்ளை சிரித்தது, பிறகு எல்லோரும். ஒரு சின்னப் பெண் திரும்பி, "அக்கா, அங்க அப்பிடி எழுதேல்ல" என்றாள்.

"வாயை மூடு. அக்கா படிச்சவ" என்று அவளுடைய தாய் பின்னால் இருந்து அதட்டினார்.

என் தங்கை சிரிக்கவில்லை. அவள் படத்தையும் பார்க்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு லொறிக்காரன் ரேடியோவைக் கொண்டுவந்து கொடுக்கும் காட்சி. அவன் சொன்னது குறைவு: அங்கே அவனுக்கு வீடு இருக்கிறது, பெண் இருக்கிறாள், உங்களைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் மைக்கில் சொன்னேன்: "தகப்பன் நல்ல சுகமா இருக்கிறார். எந்த நேரமும் உங்கட கதைதான். பிள்ளையளுக்கு எண்டு ரேடியோவைக் குடுத்துவிட்டவர். விசா வந்தவுடன வருவார்."

மூத்த பெண் ரேடியோவை வாங்கிக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெருமூச்சு எழுந்தது. "பாருங்கோ, தகப்பன் பாசமா அனுப்பினதை" என்றார் ஒரு தாய். "வளர்ப்புச் சரியில்ல" என்றார் இன்னொருவர். "தகப்பன் பக்கத்தில இல்லாட்டி உப்பிடித்தான் வரும்" என்று மூன்றாமவர் முடித்துவைத்தார்.

இடப்பக்கத்தில் பெண்கள் துணிக்கட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக் காட்சியில் சின்னவர்கள் வழக்கம்போல வந்து திரைச்சீலைக்கு முன்னால் உட்காருகிறார்கள். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வருகிறது: இன்று செய்தி இல்லை. அதை உள்ளபடியே சொன்னேன். நன்றாகச் சொல்வதற்கு அதில் இடம் இருக்கவில்லை.

ரோல்ஸ் நன்றாகப் போனது. கசெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்தச் சங்கத்தை நடத்திய பெண் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்கள் மொழியில் எல்லாமே இவ்வளவு நீளமா? எங்கள் லொறிக்காரன் அவ்வளவு பேசவில்லையே" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்களிடம் மரியாதைச் சொற்கள் அதிகம்" என்றேன்.

அவர் எங்கள் தாய்மார் இரண்டாம் தடவை தேநீர் எடுப்பதைப் பார்த்தார். "திடமான பெண்கள்" என்றார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவும் தங்கையும் ஒரு சீற்றில் இருந்தார்கள். நான் பின்னால், வயர்கள் நிறைந்த பையோடு.

"அந்தப் பிள்ளையை எல்லாரும் கூடாத பிள்ளை எண்டிச்சினம்" என்றாள் தங்கை.

"படம்தானே பிள்ளை" என்றார் அம்மா.

"அவ ஒண்டும் பிழை செய்யேல்ல. அக்காதான் அவவைக் கூடாத பிள்ளை ஆக்கினவ."

"தலைவர் அண்ணை சொல்லித்தான் அக்கா அப்பிடி—"

"எனக்குத் தெரியும், அம்மா. அப்பாக்கு அங்க பேபி பிறந்தது எனக்குத் தெரியும்."

அம்மா யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, ஏதோ கடையில் விலை கேட்பதுபோல, "எப்ப தொடக்கம்?" என்றார்.

"போன வருசம். என்ர கிளாஸ்ல ஒரு ஆளின்ர சித்தி ஜெர்மனியில அப்பான்ர வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறா. எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும் எண்டு நினைச்சன். பாவம் எண்டு விட்டிட்டன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "அதோட அக்கா ஒவ்வொரு மாசமும் புதுசாச் சொல்லுவா. லோயர் லீவில போன கதை நல்லா இருந்தது. பேப்பர் மாறி வந்த கதைதான் சரியில்ல."

எங்கள் வீட்டில் படுக்கையறை இரண்டு. ஆட்கள் மூன்று. மூன்று பேரும் ஒரே உண்மையை ஆளுக்கொரு மூலையில், தெரியாது என்று நினைத்த ஆளுக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்று, ஒரு வருடமாகக் காவல் காத்திருந்தோம். நான் அதற்கு மாத வாரியாகத் திட்டம் வேறு வைத்திருந்தேன்.

"சாமத்திய வீட்டில அப்பாக்கு என்ன வேலை?" என்று தங்கை கேட்டாள்.

அம்மா உண்மையாகவே யோசித்தார். தண்ணீர் வார்ப்பது தாய்மாமன். ஆரத்தி எடுப்பது மாமிமார். சேலை, நகை, பலகாரம் எல்லாம் பெண்கள் பாடு. வீடியோவும் வெளிச்சமும் என் பொறுப்பு.

"வாசல்ல நிண்டு வாற ஆக்களை வரவேற்கோணும்" என்றார் கடைசியில்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப அக்கா நிக்கட்டும். அக்கா நல்லாக் கதைப்பா."

"அக்கா வேண்டாம்" என்றார் அம்மா. "நான் நிக்கிறன்."

அந்தக் கோடையில் அம்மா மறுபடி மண்டபம் பேசினார். மூன்றாம் தடவை தள்ளிப்போடவில்லை. மாமா கனடாவில் இருந்து வந்தார். அம்மா நாவல் நிறப் பட்டுச்சேலையில், பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றார். வாசலில் தனியாக நிற்பது என்ன வேலை என்பது அவருக்குத் தெரியும். வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். கேட்காதவர்கள், அவருடைய தோளுக்கு மேலால் உள்ளே எட்டித் தேடுவார்கள். நான் பக்கத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். தேவைப்பட்டால் உதவிக்கு என்று என்னிடம் இரண்டு மூன்று பதில்கள் தயாராக இருந்தன.

தலைவர் மனைவியோடு வந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அவருக்கு இன்னும் பேப்பர் சரிவரேல்லயாக்கும், என்ன தங்கச்சி?" என்று கேட்டார். பதிலையும் அவரே கொண்டுவந்திருந்தார். அம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

"பேப்பர் வந்து கனகாலம், அண்ணை" என்றார் அம்மா. "அவர் அங்க வேற குடும்பமா இருக்கிறார். வரமாட்டார். இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் பிளக்கைப் பார்த்தேன். அவர் மனைவி முந்திக்கொண்டு கையை நீட்ட, அம்மா பன்னீர் தெளித்தார்.

முதல் சில பேருக்கு அம்மா முழுவதையும் சொன்னார். பிறகு வேறு குடும்பம் என்ற பகுதியை விட்டுவிட்டார். மண்டபம் நிறைந்து கடைசி ஆட்கள் வந்தபோது, "அவர் வரமாட்டார், சாப்பிடுங்கோ" என்பது ஒரே மூச்சில், ஒரே தொனியில் வந்தது. எல்லோரும் சாப்பிடத்தான் செய்தார்கள்.

தங்கை மேடையில், தலை நிறையப் பூவோடு இருந்தாள். அந்த வீடியோ இன்னும் எங்களிடம் இருக்கிறது. "தங்கச்சி, இஞ்சால பாருங்கோ" என்று வீடியோக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பது அதில் கேட்கும். அவள் ஒரு தடவைகூடக் கமராவைப் பார்க்கவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை, அம்மா நின்ற வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.