பூஜையில் வைத்த துப்பாக்கி

சின்னுசாமி அண்ணன் எங்கள் கூட்டுறவு வங்கியின் காவலாளி. மோகனூர்ப் பக்கத்துக்காரர். கார்கில் மலையில் நின்றவர். எதிரியைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்கமாட்டார். ஜெயபிரகாஷ் என்ற தோழனைப் பற்றி மட்டும் சொல்வார். காவல் முடிந்து வந்த ஒருவன் கூடாரத்துக்குள் ரைபிளைத் துடைத்தான். உள்ளே ஒரு தோட்டா தங்கியிருந்தது. எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜெயபிரகாஷ் அப்படியே சாய்ந்துவிட்டான்.

"சண்டையில செத்திருந்தா மனசு ஆறியிருக்குமுங்க" என்பார்.

போன ஆயுதபூஜைக்கு முந்தின மாலை, கணினிக்கும் பெட்டகச் சாவிக்கும் பொட்டு வைத்தோம். மேலாளர் கோகிலவாணி மேடம் துப்பாக்கியையும் கேட்டு வாங்கி, பொரிகடலைத் தட்டுக்குப் பின்னால் கிடத்தி மாலை போட்டார். பாயில் உட்கார்ந்திருந்த எங்கள் குடும்பங்களைப் பார்த்தபடி கிடந்தது குழல். பட்டம் வாங்கிய மகன் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்க வந்த என் அம்மா முன்வரிசையில் இருந்தார்.

கற்பூரம் ஏற்றப் போகையில் அண்ணன் சட்டைப்பையைத் தடவினார். மறுபடியும் தடவினார். முகம் வெளுத்துவிட்டது. பையில் ஒரு தோட்டாதான் இருக்கிறது என்று என் காதில் சொன்னார். பூஜைக்குக் கொடுக்குமுன் இரட்டைக்குழலில் இருந்த இரண்டில் ஒன்றை எடுக்கும்போது யாரோ கேட்டைத் திறக்கக் கூப்பிட்டார்களாம். மற்றதை எடுத்தாரா இல்லையா, நினைவில்லை.

பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது. எடுக்கப் போனவரை மேடம் கையமர்த்தினார். அதற்குள் மேடத்தின் மகள் சௌந்தர்யா, விசைப்பக்கம் நழுவிய மாலையைச் சரிசெய்யக் கை நீட்டினாள்.

அண்ணன் தட்டைத் தாண்டிப் பாய்ந்தார். பொரி சிதறியது. விளக்கு சாய்ந்துவிட்டதே என்று பின்னால் முனகினார்கள். குழலைக் கூரைப்பக்கம் தூக்கி, மடித்துத் திறந்தார். வலதுகுழலில் சிவப்பாக ஒரு தோட்டா.

மேடம் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "ஒண்ணும் ஆகலையில்லீங்கண்ணா, வெளிய சொல்ல வேண்டாம்" என்றார்.

"ஆகலைங்க மேடம். இனி இது என் கையில வேண்டாமுங்க."

இப்போது கம்போடு வாசலில் நிற்கிறார். கார்கில்காரருக்குக் கம்பு எதற்கு என்று ஊரார் சீண்டுகிறார்கள். சிரித்துவிட்டுப் போகிறார். புதிதாக வந்த துப்பாக்கிக்காரர் திரும்பும்போதெல்லாம், குழலுக்கு நேரே நிற்பவரை அண்ணன் தோள்பிடித்து ஓரமாக நகர்த்துகிறார்.