வாழைத்தண்டுச் சாறும் தாய்மாமன் மடியும்

எங்கள் உறவுக்காரர்களிடையே ஆண்களுக்கு வரும் வியாதிகளில் நாலு பேர் முன்னால் சொல்லத் தகுந்தவை சில உண்டு. சர்க்கரை, பிரஷர், முட்டிவலி, சிறுநீரகக் கல். இவற்றில் கல்லுக்குத் தனி மரியாதை. வலியைத் தாங்கிய வீரன் என்று பெயர் கிடைக்கும். ஆகவே கடலூரில் டாக்டர் எனக்கு ப்ராஸ்டேட் அழற்சி என்று சொன்ன அன்றே, வெளியில் அதைக் கல் என்று சொல்வதாக முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. தினமும் டைரி எழுதுகிறவன் என்பதால் உபாதைகளை வரிசைப்படியே டாக்டரிடம் சொன்னேன். போகும்போது எரிச்சல். போய்விட்டு வந்த பிறகும் பாக்கி இருப்பதுபோல ஒரு நினைப்பு. உட்கார்ந்தால், யாரும் பெயர் சொல்லாத அந்த இடத்தில் ஒரு கனம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையுறையை மாட்டினார். என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லிவிட்டு, சரியாக அந்தக் கணத்தில், "சொந்த ஊரு எது?" என்றார்.

"திட்டக்குடிப் பக்கம் சார்!"

"அங்க மழை உண்டா?"

மழையைப் பற்றி அவ்வளவு உச்சக் குரலில் நான் பேசியது அதுவே முதல் முறை.

பிறகு படம் வரைந்து காட்டினார். மூத்திரப் பைக்குக் கீழே பெருநெல்லிக்காய்போல ஒரு சுரப்பி. சிறுநீர்க் குழாய் அதன் நடுவில்தான் போகிறது. அது வீங்கினால் குழாய்க்கு நெருக்கடி. "வயசானவங்களுக்குப் பெருசாவுறது வேற, இது வேற. உங்க வயசுல இது சகஜம். புத்துநோயோன்னு ராத்திரி முழிச்சிக்கிட்டுக் கெடக்காதீங்க. மாத்திரையப் பாதில நிறுத்தக் கூடாது. தண்ணியக் கொறைக்கக் கூடாது, காப்பியக் கொறைங்க. ரொம்ப நேரம் ஒரே எடத்துல உக்காராதீங்க. வந்தா அடக்காதீங்க."

மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"அந்தச் சுரப்பி பொம்பளைங்களுக்கு இல்லியா?"

"இல்ல. ஆம்பளைங்களுக்கு மட்டும்தான்."

"அதான் இவ்ளோ அலட்டல்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அன்று மாலை சிதம்பரத்திலிருந்து தங்கையின் ஃபோன். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். கல்யாணமாகிப் பல வருடம் கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்து பெற்ற பெண் குழந்தைக்கு மறுமாதம் மொட்டை, காதுகுத்து. நான் ஒரே அண்ணன். என் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியாமே, என்னாண்ணா?"

"கல்லும்மா."

அவ்வளவுதான். மறுநாளே சிதம்பரத்திலிருந்து யாரோ ஒருவர் வழியாக ஒரு கட்டு வாழைத்தண்டு வந்து இறங்கியது. மனைவி முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் தினமும் சாறு பிழிந்து தந்தாள். "தண்ணியக் கொறைக்கக் கூடாதுன்னாரே, குடிங்க."

விசேஷ நாளுக்குள் மாத்திரையில் எரிச்சல் தணிந்திருந்தது. அவசரம் மட்டும் போகவில்லை. வந்தால் உடனே போக வேண்டும். இது தெரியாமல், மண்டபத்தில் கால் வைத்ததுமே தங்கையின் மாமியார் ஒரு சொம்பு நிறைய வாழைத்தண்டுச் சாற்றோடு நின்றார்.

"குடிங்க தம்பி. கல்லு கரையணும்ல?"

கல்காரன் வாழைத்தண்டை எப்படி மறுப்பான்? குடித்தேன். அதன் பின்னாலேயே இளநீர் வந்தது. குடித்தேன். தங்கையின் மாமனார் என்னை ஓரமாக அழைத்துப்போய், விபூதிப் பொட்டலம்போல மடித்த காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். உள்ளே மிளகில் பாதி அளவுக்கு ஒரு கல்.

"எனக்கு வுழுந்தது. உங்களுது எம்மாம் பெருசு?"

"இன்னும் வுழல மாமா."

"வுழும்போது புடிச்சி வையுங்க. காட்டலாம்."

மொட்டை முடிந்தது. மனையில் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். எதிரே சீர்த்தட்டுகள், வீடியோ விளக்கு. காது குத்தும் ஆசாரியை மட்டும் காணோம். பரங்கிப்பேட்டையில் இன்னொரு காதுகுத்தாம், முடித்துவிட்டு வந்துகொண்டே இருக்கிறாராம்.

வாழைத்தண்டும் இளநீரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நான் நெளிவதைப் பார்த்துத் தங்கை குனிந்தாள்.

"அண்ணா, எழுந்துடாத. அவுங்க சனமெல்லாம் பாக்குது."

அவள் பயம் எனக்குப் புரிந்தது. அவள் ஓரகத்தியின் தம்பி, தன் அக்கா பிள்ளையின் காதுகுத்தில் ஃபோன் பேச மனையை விட்டு எழுந்துபோனவன். அந்தக் கதையை இன்னும் அந்த வீட்டில் சாப்பாட்டோடு பரிமாறுகிறார்கள். நானும் எழுந்தால் அடுத்த கதை என் தங்கையுடையது. எழாவிட்டால் அதைவிடப் பெரிய கதை.

கால்களை ஆட்ட ஆரம்பித்தேன். குழந்தை கிளுக்கென்று சிரித்தது. இன்னும் வேகமாக ஆட்டினேன். இன்னும் சிரித்தது.

"தாய்மாமன் எப்புடிக் கொஞ்சுறாரு பாருடி!" என்றாள் ஒருத்தி. வீடியோக்காரர் கிட்டே வந்து என் முகத்தை எடுத்தார். அந்தப் படத்தில் என் கண்ணில் நீர் கோத்திருக்கும். அதைப் பாசம் என்று இன்றுவரை நம்புகிறார்கள்.

தங்கை புருஷனைச் சைகையால் கூப்பிட்டேன்.

"மாப்ள, கல்லெல்லாம் இல்ல. ப்ராஸ்டேட்டு. இப்பவே போவணும்."

"மொதல்லியே சொல்லியிருந்தா அந்தச் சொம்ப ஒளிச்சி வச்சிருப்பேனே மச்சான்" என்றவர், நிமிர்ந்து மண்டபம் அதிரக் கத்தினார். "ஆசாரி வர்றதுக்குள்ள தாய்மாமன் புள்ளயத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி புள்ளையாரக் கும்புட்டுட்டு வரட்டும்!"

மண்டபத்தின் பின்பக்கம் ஒரு சின்னப் பிள்ளையார். அவருக்கு நேர் எதிரே ஆண்கள் கழிவறை.

நான் எழுந்ததும், சும்மா இருந்த மேளக்காரர்கள் தங்களுக்குத்தான் அழைப்பு என்று வாசிக்கத் தொடங்கினார்கள். பெண்கள் தட்டுகளோடு பின்னால் வந்தார்கள். வீடியோக்காரர் எனக்கு முன்னால் பின்னோக்கி நடந்ததால் வேகமாகவும் போக முடியவில்லை. பிள்ளையாரிடம் போய்ச் சேர்ந்தால், மாமியார், "தோப்புக்கரணம் போடுங்க தம்பி" என்கிறார்.

"புள்ளய என்கிட்ட குடுங்க மச்சான்" என்று வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை என்னை எதிர்ப்பக்கம் தள்ளினார்.

நான் உள்ளே இருந்தவரை மேளம் நிற்கவில்லை. அவ்வளவு மங்கலமாக யாரும் போயிருக்க மாட்டார்கள்.

வெளியே வந்தால் மாமனார் வாசலில் நிற்கிறார்.

"கல்லா மாமா?"

"கல்லு எப்பவோ வுழுந்துடுச்சி. இது வேற. ரெண்டு வருஷமாச்சி, சொட்டுச் சொட்டாத்தான் போவுது. இத யார்ட்ட சொல்றது?"

"கடலூருக்கு வாங்க. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். உங்க ஊர்ல மழை எப்புடின்னு மட்டும் கேட்டுக்கிட்டு வாங்க."

ஆசாரி வந்தார். என் மடியில் நிம்மதியாக உட்கார வைத்துக் காது குத்தினோம். குழந்தை மண்டபமே நடுங்கும்படி அழுதது. தங்கை மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மாத்திரையை முழுதாக முடித்தேன். இப்போது நன்றாகிவிட்டது. மாமனாருக்கு வயதால் வந்த பெருக்கம்தான் என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்.

சில மாதம் கழித்து அதே மண்டபத்தில் தங்கையின் ஓரகத்தியுடைய இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. போயிருந்தேன். மறுபடி அதே தம்பி மனையில் உட்கார்ந்தான். ஃபோனை அவன் அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். ஆசாரி தயாராகக் காத்திருந்தும் மாமியார் விடவில்லை. தாய்மாமன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு பின்பக்கம் போய்வர வேண்டுமாம். ஊர்வலம் பிள்ளையார் முன்னால் நின்றது. யாரோ குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தம்பி, எதிரே திறந்திருந்த கழிவறைக் கதவையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உள்ள போயிட்டு வாங்க தம்பி" என்றார் மாமியார். "அதான் எங்க வழக்கம்."