ஆடியில் குடி வந்தவள்

ஆனந்தமேரிக்கு வீடு வேண்டும். அதுவும் ஆடியிலேயே வேண்டும். குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் கூரையைப் பிரிப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? ஆனால் அவளுக்குக் கலக்கமே இல்லை.

"ஆடியில ஒரு வீடு காலியாக் கெடந்தா, நம்மள விட்டா அதைக் கேக்க யாரு வருவா?" என்று புருஷன் சூசைமுத்துவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வேடசந்தூர் மில்லில் அவளுக்கு வேலை. மில் பஸ் விடியற்காலை மரியநாதபுரம் முக்கில்தான் நிற்கும். அங்கே நடந்து போகிற தூரத்தில், அவர்கள் கையிருப்புக்குத் தோதாகக் காலியாக இருந்தது கண்ணம்மாளின் மாடி வீடு ஒன்றுதான்.

"ஆவணி பொறக்கட்டும், பேசுவோம்," என்றாள் கண்ணம்மாள். "வெள்ளிக்கிழமை இன்னொரு குடும்பம் பாக்க வருது. வாடகை ஐநூறு கூடத் தாரேன்னாக."

"ஆவணி வரைக்கும் நான் தெருவுலயா கெடக்க? பெருக்கன்னைக்கு வாரேம்மா. நல்ல நாளுதானே?"

"பெருக்குக்குத் தாலிக்கயிறு மாத்தலாம், வீடு மாத்தக் கூடாது. முன்ன ஒருத்தன் ஆடியில வந்தான். ஆறே மாசம், காலி பண்ணிட்டுப் போயிட்டான்."

"பத்து நாளைக்கு ஒருக்க தண்ணி வந்தா, எந்த மாசம் வந்தாலும் போகத்தான் செய்வான். ஆடி மேல ஏம்மா பழி போடுறீக?"

கண்ணம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சரி என்று சொல்லவில்லை.

பொழுது சாய்ந்தது. கண்ணம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி மாடிப்படி ஏறத் தொடங்கினாள். காலி வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று தினமும் மேலே போய் விளக்கேற்றுவாளாம்.

"இங்க குடுங்க, நான் ஏத்துறேன்."

"நீ சர்ச்சுக்குப் போறவளாச்சே?"

"ஆமா. அங்க மட்டும் இருட்டுலயா உக்காந்திருக்கோம்?"

அன்றிலிருந்து சாயங்காலமானால் ஆனந்தமேரி வந்துவிடுவாள். மாடியைப் பெருக்கி, வாசலில் கோலமிட்டு, விளக்கேற்றிவிட்டுப் போவாள். வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்கவும் மாட்டாள், விடவும் மாட்டாள். அவள் பிடிவாதம் அப்படி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் குடும்பம் வந்தது. கண்ணம்மாள் கீழேயே நின்றுகொண்டாள். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் மேலே போனார்கள். வாசலில் கோலம். உள்ளே, எரிகிற விளக்குக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண். வந்தவள் புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, இன்னொருத்தி விளக்கேத்திட்டாளுங்க. இந்த வீடு நமக்கு வேண்டாம்."

"நான் இன்னும் குடி வரலைக்கா. உள்ள வந்து பாருங்க," என்று ஆனந்தமேரி கூப்பிட்டாள். அதற்குள் இருவரும் பாதிப் படி இறங்கிவிட்டார்கள்.

கண்ணம்மாள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். "ஏத்தா! வீடு தேடி வந்த ஆளுகளை வெரட்டிட்டியே!"

"வாங்கன்னுதான் கூப்பிட்டேன். மாதா சத்தியமா."

"நாளையில இருந்து நீ இங்க வராத!"

"சரிம்மா. அப்ப விளக்கை அமத்திட்டுப் போறேன்." ஆனந்தமேரி குனிந்தாள்.

"கையை எடு! ஆடி வெள்ளியும் அதுவுமா விளக்கை அமத்துவியா?"

"நாளைக்கு யாரு ஏத்துவா? இந்த முழங்காலோட நீங்களா?"

கண்ணம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆடியில் ஆள் குடி வருவதும் ஆகாது. ஐந்து நாள் ஏற்றிய கையை நடுவில் மாற்றுவதும் ஆகாது. இரண்டில் எது பெரிய குற்றம்? முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"பெருக்கன்னைக்கு வந்து பாலைக் காய்ச்சு. அந்த ஐநூறை நீ குடுத்துரு."

"முடியாதும்மா. மொதல்ல சொன்ன வாடகைதான். உங்களுக்குப் படி ஏறுற வேலை மிச்சம், அதுல கழிச்சுக்கங்க."

"வாயி, வாயி!" என்றாள் கண்ணம்மாள். மாடிச் சாவியை எடுத்து நீட்டினாள்.

பெருக்கன்று பால் பொங்கியது. கண்ணம்மாளுக்குத்தான் முதல் டம்ளர். குடித்து முடித்துச் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"மாதா படத்துக்கு ஒண்ணே ஒண்ணு."

"கூடாதுன்னா கூடாது."

ஆனந்தமேரி படத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நகரவில்லை. கண்ணம்மாள் எழுந்து போய் விளக்குக்கு மேலே சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"இங்க அடி. ஒண்ணுதான்!"