இரும்பை ஒதுக்கிய மிஷின்

வில்லாபுரம் ஜேசுராஜ் தொழிலால் எலக்ட்ரீசியன். வயலிலும் கண்மாய்க் கரையிலும் நகையைத் தொலைத்தவர்களுக்கு மட்டும் அவர் ‘மிஷின்காரர்’. பல வருடங்களாக அவரிடம் இருந்தது சாதாரண மெட்டல் டிடெக்டர். ஆணியானாலும் மோதிரமானாலும் அதற்கு ஒரே கத்தல்தான். கத்திய இடமெல்லாம் தோண்டித் தோண்டி அவருடைய முழங்கால் தேய்ந்தது. போன மாதம்தான் அதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினார். என்ன உலோகம் என்பதை இது திரையில் எண்ணாகக் காட்டும்; அதற்கேற்பக் குரலையும் மாற்றும். இரும்பை ஒதுக்கச் சொன்னால், இரும்புக்கு வாயே திறக்காது.

அந்த மிஷினோடு ஒத்தக்கடையில் பாதி எழும்பிய வீடு ஒன்றுக்குக் காலையில் வந்திருந்தார். சித்தாள் சின்னத்தாயின் தாலிக்கயிறு முந்தின நாள் மண் நிரவும்போது அறுந்து விழுந்திருந்தது. வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இன்று தரைக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். கொட்டிவிட்டால் தாலி யாரோ ஒருவர் வீட்டுத் தரைக்கடியில் போய்விடும்.

கட்டட மண்ணில் ஆணியும் கட்டுக்கம்பியும் ஏராளம். அதனால் ஜேசுராஜ் வந்ததும் இரும்பை ஒதுக்கினார். ஹால் முழுவதும் நடந்தார். மிஷின் மூச்சு விடவில்லை.

“என்னண்ணே, மிஷினுக்குத் தூக்கம் வந்துருச்சா?” என்றார் மேஸ்திரி காளை. “கான்கிரீட் லாரி கப்பலூரைத் தாண்டிருச்சாம். வந்தா நிக்காது.”

“தங்கம் இருந்தா காட்டிரும்,” என்றார் ஜேசுராஜ். சொல்லும்போதே குரல் இறங்கியது.

சின்னத்தாய் அவர் பின்னாலேயே நடந்தாள். “நல்லாப் பாருண்ணே. பொட்டுத் தங்கம்தான். ஆனா அவரு கட்டுனது.”

அந்த நேரம் பலகையைத் தூக்கிய காளையின் விரலில் சிராய் ஏறியது. “ஏ சின்னத்தாயி, ஊக்கு குடு!” என்றார் பழக்கத்தில். அவளும் பழக்கத்தில் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். வெறுங்கழுத்தில் கை நின்றது.

ஜேசுராஜுக்குச் சுருக்கென்றது. “தாலியில ஊக்கு மாட்டியிருந்தியாம்மா?”

“மூணு கெடந்துச்சு. யாருக்கு முள்ளு குத்துனாலும் என்கிட்டதான வருவாக.”

“முதல்லயே சொல்லக் கூடாதா?”

“தாலின்னுதானண்ணே கேட்ட? ஊக்கை எவ கணக்குல சேப்பா?”

ஊக்கு இரும்பு. அதை ஒட்டிக்கிடந்த சின்னத் தங்கத்தையும் சேர்த்தே மிஷின் ஒதுக்கியிருக்கிறது. அவர் இரும்பைத் திரும்பச் சேர்த்தார். உடனே தரை முழுவதும் கத்தத் தொடங்கியது. தோண்டினால் ஆணி. மறுபடி ஆணி. அடுத்தது கட்டுக்கம்பி. வாசலில் லாரி வந்து நின்றது. அடுப்படி மூலையில் கான்கிரீட் விழ ஆரம்பித்தது.

“டிரம்மைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, சத்தம் கேக்கல!”

“நிறுத்துனா உள்ளயே இறுகிப்போகும். ஏய் சின்னத்தாயி, மம்பட்டியை எடு!”

அவள் மம்பட்டியை எடுத்தாள். ஆனால் கான்கிரீட்டுக்குப் போகவில்லை. கலவைக்கும் ஜேசுராஜுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

எல்லாவற்றையும் தோண்ட நேரமில்லை. இரும்பும் தங்கமும் ஒட்டிக்கிடந்தால் திரையில் வரும் எண்ணையும் நம்ப முடியாது. ஜேசுராஜ் ஹெட்போனை மாட்டிக் காதோடு அழுத்திக்கொண்டார். ஆணி என்றால் கட்டையான ஒரே உறுமல். தங்கமும் கூட இருந்தால் அந்த உறுமலுக்குள் மெல்லிய கீச்சுக் குரல் கலந்து வர வேண்டும். உறுமல்களை விட்டுவிட்டு நகர்ந்தார். சாம்பல் கலவை சின்னத்தாயின் பாதத்தைத் தொட்டது. வாசல் நிலையருகே, காலையில் அவர் பையை இறக்கிவைத்த இடத்தில், உறுமல் கிழிந்து கீச்சிட்டது.

கையாலேயே பறித்தார். முதலில் துருவேறிய ஊக்கு வந்தது. அதைப் பிடித்து இழுக்க, மஞ்சள் கயிறும் மண் அப்பிய தாலியும் வந்தன.

சின்னத்தாய் அழவில்லை. முந்தானையில் துடைத்து, அறுந்த முனைகளை முடிந்து, கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஊக்குல ஒண்ணு குடும்மா,” என்றார் ஜேசுராஜ். “இனிமே தேடப் போற எடத்துல முதல்ல இதைக் காட்டி இந்த மிஷினைப் பழக்கணும்.”

“அதெல்லாம் தர மாட்டேன். முள்ளு குத்துனா எதை வச்சு எடுக்கிறது?” என்றவள் காளையைப் பார்த்தாள். “கையை நீட்டு மேஸ்திரி.”

கான்கிரீட் ஜேசுராஜ் தோண்டிய குழியை நிரப்பிக்கொண்டு நிலையை நோக்கி வந்தது.