நான் பிடிக்காமல் விட்ட வரி

எங்கள் சங்கத்தின் அறை வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. அங்கத்தவர் வீடுகளில் இறந்தவர்களின் திதி அந்த வருடம் எந்த நாளில் வருகிறது என்று பஞ்சாங்கம் பார்த்து, இரண்டு கிழமைக்கு முன்னரே கடிதம் போடுவது சங்கத்தின் வேலைகளில் ஒன்று. ஓய்வு பெற்றபின் அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் வருவேன். திகதிகள் என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பைத்தியம். வீட்டில் பல்ப் மாற்றிய நாளையும் எழுதி வைக்கிறவன் நான்.

பழைய கொப்பிகளில் இருந்த பெயர்களையெல்லாம் லெப்டொப்பில் ஏற்றி முடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அந்த டேட்டாபேஸைத் திறக்க ஒரு மென்பொருள் இருந்தது. சங்கத்தின் பெயரில் கிளிக் செய்தால் தொடுப்பு கிடைக்கும். இடப்பக்கம் அட்டவணைகள், மேலே கேள்வி எழுதும் வெள்ளைப் பெட்டி, அதை ஓடவைக்க ஒரு பச்சை முக்கோணம். அழுத்தினால் கீழே விடை வரிசையாக விழும். இறந்தவர்களை மாத வாரியாக, பட்ச வாரியாக ஒரே நொடியில் அடுக்கிப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

கண்ணை உறுத்தியவை வெற்று இடங்கள்தான். சில பழைய மரணங்களுக்குத் திகதி இருந்தது, திதி இல்லை. இறந்த நேரம் தெரியாமல் திதியைக் கணிக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆடி அமாவாசையையே வைத்துக்கொள்ளலாம் என்று குடும்பங்களோடு பேசிக் கமிட்டி முடிவெடுத்தது. ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதைச் செய்ய உட்கார்ந்தேன். முதலில் எத்தனை பேர் என்று கேட்டேன். நாற்பத்தொன்று. பிறகு அதே பெட்டியில், அந்தக் கேள்விக்குக் கீழே, மாற்றும் கட்டளையை நான்கு வரிகளில் எழுதினேன்.

பெட்டியில் எழுதியதில் ஒரு பகுதியை மவுஸால் பிடித்து நீலமாக்கினால், அந்தப் பகுதி மட்டுமே ஓடும். மேலேயிருந்த கேள்வி மறுபடி ஓட வேண்டாம் என்பதற்காகக் கட்டளையை மட்டும் பிடித்தேன். பச்சை முக்கோணத்தை அழுத்தினேன். நாற்பத்தேழு வரிகள் மாறின என்று வந்தது.

கூடுதலாக வந்த அந்த ஆறை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். முதலில் கேட்டபோது எண்ணை நான்தான் பிழையாக வாசித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். கடிதங்களை அச்சடித்து, சங்கத்தின் ரப்பர் சீல் குத்தி, மறுநாள் தபாலில் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது. வயதான ஒரு பெண் குரல்.

"சங்கமோ, தம்பி?"

"ஓம் அம்மா, சொல்லுங்கோ."

"என்ர மகன் செத்தது உங்களுக்கு எப்ப தெரியும்?"

எனக்கு விளங்கவில்லை.

"தாய் எனக்கே தெரியாது. உங்களுக்கு ஆர் சொன்னது? ஆடி அமாவாசை எண்டு போட்டிருக்கு. சீலும் குத்தியிருக்கு."

பெயரைக் கேட்டுத் தேடினேன். வரி வந்தது. இறந்த திகதி வெறுமை. திதி: ஆடி அமாவாசை. அந்த மகன், அம்மா சொன்னபடி, பதினெட்டு வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் பஸ் ஏறியவர். தெமட்டகொடையிலிருந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை. இப்படிக் காணாமல் போனவர்கள் ஆறு பேரை எந்தப் பட்டியலில் வைப்பது என்று எனக்கு முன் பதிவேடு எழுதியவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இறந்தவர்களின் கொப்பியில், கடைசிப் பக்கத்தில் எழுதி, திகதிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். நான் அப்படியே ஏற்றியிருந்தேன்.

திதியை மறுபடி வெறுமையாக்க ஒரு நொடி போதுமாக இருந்தது. ஆறு வரிகள் மாறின என்று வந்தது.

மறுநாள் காலை தெமட்டகொடைக்குப் போனேன். அந்த அம்மாவின் ஐம்பதை நெருங்கும் மகள் கேற்றடியிலேயே என்னை மறித்தார்.

"அங்கிள், உள்ள போக முன்னம் ஒண்டு சொல்லட்டோ? பதினெட்டு வருஷமா அம்மா முன் கதவுக்கு உள்பூட்டுப் போட விடுறேல்ல. தம்பி வந்தா திறக்க வேணுமாம். இந்தக் கடிதத்தைப் பாத்து நான் அழுதனான். ஒரு நாள் கிடைச்சிட்டுது, அவனுக்குச் செய்யிறதைச் செய்யலாம் எண்டு. பிழை எண்டு சொல்லாதேங்கோ. ஒண்டும் கதைக்காமத் திரும்பிப் போனாலும் காணும்."

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஆர் வாசல்ல குசுகுசுக்கிறது? கொம்பியூட்டர்காரரோ? கால் இருந்தா உள்ள வரச் சொல்லு!"

போனேன். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிழை என்னுடையது என்றேன். நான்கு வரி எழுதி, மூன்றை மட்டும் பிடித்துவிட்டேன் என்று விளக்கினேன்.

"நாலாவது வரியில என்ன இருந்தது?"

"இறந்த திகதி உள்ளவைக்கு மட்டும் எண்டு இருந்தது அம்மா."



"அந்த வரியைத்தானோ விட்டனீர்?"

கடிதத்தைத் திரும்பத் தரும்படி கேட்டேன். "அது இவளிட்ட," என்று மகளைக் காட்டினார். "தேடித் தாறன் அங்கிள்," என்றார் மகள், என் முகத்தைப் பார்க்காமல்.

திங்கட்கிழமை அந்த அம்மா ஓட்டோ பிடித்துத் தனியாகச் சங்கத்துக்கு வந்தார். என் சொல்லில் நம்பிக்கையில்லை, கண்ணால் பார்க்க வேண்டுமாம். அவர் முன்னாலேயே தொடுப்பை எடுத்து, மகனின் பெயரைப் போட்டு, கேள்வியை ஓடவிட்டேன். திதி என்ற கட்டத்தில் விரலை வைத்தார். "ஒண்டும் இல்லைத்தானே?" "இல்லை அம்மா." "பிறகும் தானா வந்து நிரம்பாதோ?" "தானா நிரம்பாது. நான் நிரப்பினாத்தான்." "அப்ப நீர் கவனமா இரும்," என்று எழுந்து போனார்.

மற்ற ஐந்து வீடுகளுக்கும் போனேன். ஒரு வீட்டில் தேநீர் தந்தார்கள், இன்னொன்றில் கதவு திறக்கவில்லை, கடிதத்தை ஜன்னலால் நீட்டினார்கள். ஐந்தும் திரும்பி வந்தன. என் கொப்பியில் ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்த நாளை எழுதினேன். தெமட்டகொடைக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

ஆடி அமாவாசை காலை வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கினேன். ரயில் பாதைக்கு அப்பால், கடலோரத்தில் சனம் நிறைந்திருந்தது தெருவிலிருந்தே தெரிந்தது. வழக்கமாக அந்த வழியாகத்தான் சங்கத்துக்குப் போவேன். அன்று தலையைக் குனிந்துகொண்டு மற்றப் பக்கத்தால் சுற்றிப் போனேன்.

பத்து மணியளவில் அந்த அம்மாவின் அழைப்பு வந்தது.

"தம்பி, மகள் விடியவே முழுகிப்போட்டு எங்கயோ போட்டாள். அந்தப் பக்கம் கண்டனீரோ?"

"நான் காணேல்ல, அம்மா."

அது உண்மைதான். அங்கே பார்க்காமல் வந்தேன் என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

"சரி. மகன்ர அந்த இடம் இண்டைக்கும் வெறுமையாத்தானே இருக்கு?"

எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அவரை லைனில் வைத்துக்கொண்டு, தொடுப்பை எடுத்து, பெயரை அடித்து, ஒரு வரியும் விடுபடாமல் பிடித்திருக்கிறேனா என்று இரண்டு தரம் பார்த்து, அழுத்தினேன்.

"ஓம் அம்மா. வெறுமையாத்தான் இருக்கு."